பின்கட்டு அடுப்பு

ஜனவரி 19, திங்கள்

இன்றிலிருந்து எனக்கு அடுப்பு தனி.

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. என் வீட்டுக்காரர் இருந்தபோது வருஷா வருஷம் வாங்கி வந்து, ஒரு எழுத்துகூட எழுதாமல் பரணில் போடுவார். அவர் போன பிறகும் கடைக்காரர் கொடுத்து விடுகிறார். பேச ஆள் இருந்தால் நானும் பரணில்தான் போட்டிருப்பேன். இருக்கிற ஒரு ஆளோடு பேச்சு இல்லாமல் போய்விட்டது.

நடந்தது இதுதான். இந்த வீடு என் மாமனார் கட்டியது. முன்கட்டில் கொழுந்தன் ஆவுடையப்பனும் அவன் பெண்டாட்டி செண்பகமும். பின்கட்டில் நான். அவர்கள் மகள் நர்ஸிங் படிக்க ஹாஸ்டலில் இருக்கிறாள். எனக்குப் பிள்ளை இல்லை. மாமியார் காலத்திலிருந்து ஒரே உலை, ஒரே ரேஷன் கார்டு. பொங்கலுக்கு முன்னால் கார்டை எடுத்துக்கொண்டு போன செண்பகம், மாச அரிசி முழுவதையும் பச்சரிசியாக வாங்கி வந்துவிட்டாள். மகளுக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்ப மாவு வேண்டுமாம். பச்சரிசிச் சோறு எனக்கு வயிற்றில் கல் மாதிரி உட்காரும். அது அவளுக்கு இருபது வருஷமாகத் தெரியும்.

“எனக்குப் புழுங்கல் கொஞ்சம் வாங்கியிருக்கலாம்லா?” என்றேன்.

“ஒரு ஆளுக்கு எந்த அரிசியா இருந்தா என்னக்கா?” என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், முறுக்கு பிழிந்துகொண்டே. எனக்குத்தான் சுருக்கென்று போய்விட்டது. அவர் இருந்திருந்தால் நான் ஒரு ஆளாக இருந்திருக்க மாட்டேன். பொங்கல் முடியட்டும் என்று பொறுத்திருந்து, இன்று காலையில் பரணிலிருந்த ஒற்றை அடுப்பை இறக்கித் துடைத்துப் பின்கட்டில் வைத்துவிட்டேன். அவர் பேரில் இருந்த சிலிண்டரை முன்பே என் பேருக்கு மாற்றியிருந்தது நல்லதாகப் போயிற்று. அவர் கட்டில் கிடந்த இடத்தில்தான் அடுப்பு. வேறு இடம் இல்லை.

ஜனவரி 20, செவ்வாய்

பால் பொங்கியது. ரசம் வைத்தேன். அரை ரசத்தைக் கொட்டும்படி ஆயிற்று. ஒரு ஆளுக்கு ரசம் வைக்கப் படிக்க வேண்டும்.

ஜனவரி 27, செவ்வாய்

அடுப்பு தனியானால் கார்டும் தனியாக வேண்டும், இல்லையென்றால் அவள் வாங்கிப் போடுகிற அரிசிக்குத்தான் நான் தட்டை நீட்ட வேண்டும். எலுமிச்சை மண்டியில் காய் பொறுக்கி வருகிற கூலியில் வெளிக்கடை அரிசி வாங்கிச் சாப்பிட நான் என்ன மண்டி முதலாளியா?

இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரில் ரஹ்மத் இருந்தாள். நல்ல பெண், எவ்வளவு கூட்டம் நின்றாலும் முகம் சுளிக்க மாட்டாள்.

“மொதல்ல பழைய கார்டுல இருந்து உங்க பேர எடுக்கணும் பெரியம்மா. எடுத்தாத்தான் புதுசுக்குப் போட முடியும்.”

“எடுத்துட்டு, புதுசு வர்ற வரைக்கும்?”

“வர்ற வரைக்கும் எதுலயும் இருக்க மாட்டிய.”

பழைய கார்டைத் திறந்து காட்டினாள். மாமியார் தலைவியாக இருந்தவரை என் பேருக்கு எதிரே ‘மருமகள்’ என்று இருந்தது. மாமியார் இறந்து தலைவியை மாற்றியபோது நான் அவரை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன், செண்பகத்தைப் போட்டுவிட்டார்கள். அப்போது எனக்கு எதிரே ‘மற்றவர்’ என்று மாறியிருக்கிறது. நான் இன்றுதான் பார்த்தேன்.

பேரை எடுக்கத் தலைவியின் போனுக்கு ஒரு நம்பர் வருமாம், அதைச் சொல்ல வேண்டுமாம். அவளிடம் நான் எப்படிக் கேட்பது? ரஹ்மத்தே போன் போட்டாள். கொஞ்ச நேரத்தில் செண்பகம் நேரில் வந்து நின்றாள். துணி துவைத்துக்கொண்டிருந்திருப்பாள், சேலை முந்தி நனைந்திருந்தது.

“யக்கா, நல்லா யோசிச்சியளா?”

“நம்பரச் சொல்லு” என்றேன்.

சொன்னாள். இரண்டு தடவை தப்பாகச் சொன்னாள். மூன்றாவது தடவை சரியாக இருந்தது.

பிப்ரவரி 4, புதன்

பேர் நீங்கியது. புதுக் கார்டுக்கும் எழுதியாயிற்று. போனில் ஒரு நீள நம்பர் வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அப்போதைக்கப்போது பார்க்கலாமாம். ஒரு மாதத்தில் வந்துவிடும் என்கிறாள் ரஹ்மத்.

பிப்ரவரி 9, திங்கள்

கால் தானாக ரேஷன் கடைக்குப் போய்விட்டது. பையையும் எடுத்துப் போயிருக்கிறேன், பைத்தியக்காரி மாதிரி. வரிசையில் நின்று மெஷின் பக்கத்தில் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. கடைக்காரர், “கார்டு எங்கம்மா?” என்றார். “விலை கேக்க வந்தேன்” என்று சொல்லிவிட்டேன். விலையில்லா அரிசிக்கு விலை கேட்ட முதல் ஆள் நான்தான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும்கூட வரவில்லை.

பிப்ரவரி 25, புதன்

வெளிக்கடையில் கொஞ்சம் புழுங்கலரிசி வாங்கி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். பரவாயில்லை, இன்னும் தீராமல் நின்று பேசுகிறது. ஒரு ஆள் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகிவிடப்போகிறது? இராத்திரிக்குப் பெரும்பாலும் நீராகாரம்தான்.

போனில் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ‘பரிசீலனையில் உள்ளது.’

மார்ச் 11, புதன்

தாலுகா ஆபீசுக்கே போய்விட்டேன். மண்டிக்கு ஒரு நாள் லீவு, பஸ்ஸில் போக ஒரு பாடு, வர ஒரு பாடு. ஜன்னலோரம் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினான்.

“எலெக்‌ஷன் வருதும்மா. அது முடியுற வரைக்கும் புதுக் கார்டு எதுவும் போட மாட்டோம்.”

“நான் எலெக்‌ஷன்ல நிக்கலையே தம்பி, கஞ்சிக்குத்தான் நிக்கேன்.”

அவன் சிரித்துவிட்டான். “பயப்படாதீங்க. உங்க அப்ளிகேஷன் எங்கயும் போகாது, இங்கதான் இருக்கும்.”

“அதான் எனக்குப் பயமா இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் என் வாசல் தெளித்து, கோலமும் போட்டுக் கிடந்தது. முன்கட்டுக்குப் போடுகிற கையோடு இழுத்துவிட்டிருப்பாள். கோலப்பொடியை இப்படியா வீணாக்குவது?

மார்ச் 12, வியாழன்

ஒன்றும் இல்லை.

மார்ச் 30, திங்கள்

ஆவுடையப்பன் கேரளாவுக்கு லாரியில் காய் லோடு ஏற்றிக்கொண்டு போகிறான். போகிறபோது பின்கட்டுப் பக்கம் வந்து நின்றான். “மதினி, ஒண்ணும் வேணுமா?” என்றான். “ஒண்ணும் வேண்டாம், பாத்துப் போ” என்றேன். அண்ணன் மாதிரியே காதைச் சொறிந்துகொண்டு நிற்கிறான். அந்த ஜாடையைப் பார்க்காமல் இருப்பதுதான் நல்லது.

ஏப்ரல் 8, புதன்

செண்பகம் ரேஷன் வாங்கி வந்தாள். சாக்கை இறக்கி வைத்தபோது கண்ணில் பட்டது, முழுக்கப் புழுங்கல். கடையில் இந்த மாதம் பச்சரிசி போடவில்லை போல.

ஏப்ரல் 9, வியாழன்

மண்டியில் கூட வேலை பார்க்கிறவள் கடையில் பச்சரிசியும் போட்டார்கள் என்கிறாள். செண்பகம் போன நேரத்தில் தீர்ந்திருக்கும்.

ஏப்ரல் 23, வியாழன்

காய் வரத்து குறைந்துவிட்டது. வாரத்தில் பாதி நாள் மண்டியில் சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறோம். அடிபட்ட காயை அள்ளிக்கொள்ளச் சொல்லி முதலாளி கொடுத்தார். உப்புப் போட்டு ஊற வைத்திருக்கிறேன்.

அரிசிக்கு இன்னும் கஷ்டம் வரவில்லை. இந்த டப்பா ராசியான டப்பா. விடியற்காலையில் மண்டிக்குப் போனால் மத்தியானம்தான் திரும்புகிறேன். பின்கட்டைப் பூட்டுவதில்லை. பூட்டினால் முன்கட்டில் இருக்கிறவளைத் திருடி என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். சண்டை சண்டையாக இருக்கட்டும், அதற்காக அப்படியா?

மே 14, வியாழன்

மண்டியிலிருந்து வந்தபோது முன்கட்டில் சத்தமே இல்லை. ஆவுடையப்பன் லோடு போயிருக்கிறான். எனக்கென்ன என்றுதான் முதலில் இருந்தேன். கொடியில் துணி காய்ந்து சாயங்காலம் வரை எடுக்காமல் கிடந்தது. செண்பகம் துணியைக் கொடியில் விடுகிறவள் இல்லை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். தரையில் சுருண்டு கிடக்கிறாள். தொட்டால் அடுப்பைத் தொட்ட மாதிரி இருக்கிறது. கை முட்டி, கால் முட்டி எல்லாம் வீக்கம். ஊரெல்லாம் சுற்றுகிற மூட்டுக் காய்ச்சல்தான்.

“ஏட்டி, ஒரு குரல் கொடுத்தா என்ன?”

“நீங்கதான் பேச மாட்டியளே” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஊசி போட்டுக் கூட்டி வந்தேன். மனுஷத்தன்மைக்குச் செய்தது.

மே 15, வெள்ளி

கஞ்சி வைத்தேன். பின்கட்டிலிருந்து முன்கட்டுக்குக் கொண்டு போவதற்குள் ஆறிவிடுகிறது. அதனால் முன்கட்டு அடுப்பிலேயே வைத்தேன். அவளுக்கு வைக்கிற உலையில் கூட ஒரு கை அரிசி போட்டால் என் வேலையும் முடிந்தது. இதில் ஒன்றும் இல்லை.

மே 17, ஞாயிறு

அவளுக்குக் கை மடங்கவில்லை. நான் ஊட்டிவிட்டேன். ரெண்டு வாய் வாங்கிக்கொண்டு, “அத்தானுக்கும் நீங்க இப்படித்தான ஊட்டுவிய” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை, நன்றாக அழுதேன். அவளும் அழுதாள். அவளுக்கு மூட்டு வலியாகவும் இருக்கலாம்.

மே 28, வியாழன்

காய்ச்சல் போய்விட்டது, வலி போகவில்லை. அரிவாள்மணையில் உட்கார முடியாது, அம்மி பக்கம் போக முடியாது. ஆவுடையப்பன் வந்துவிட்டு மறுபடி லோடு போய்விட்டான். ஆண்பிள்ளையை நம்பி அடுக்களையை விட முடியுமா? இன்னும் கொஞ்ச நாளைக்கு நான்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் 8, திங்கள்

பின்கட்டில் காபி போடலாம் என்று பற்றவைத்தால் அடுப்பு பற்றவில்லை. சிலிண்டர் காலி. நாளை புக் பண்ண வேண்டும்.

ஜூன் 9, செவ்வாய்

மறந்துவிட்டது.

ஜூன் 13, சனி

போனில் சார்ஜ் இல்லை. திங்கட்கிழமை புக் பண்ணிக்கொள்ளலாம்.

ஜூன் 20, சனி

செண்பகம் இப்போது நன்றாக நடமாடுகிறாள். இன்று அவள்தான் குழம்பு வைத்தாள். புளி அதிகம். சொன்னேன். “நாக்கு நீளம் மட்டும் உங்களுக்குக் குறையாதுக்கா” என்றாள். எத்தனை நாளாயிற்று இப்படி யாராவது என்னைத் திட்டி!

பின்கட்டு அடுப்பு சும்மா கிடக்கிறதே என்று ஊறுகாய் ஜாடியை அதன் மேல் வைத்திருக்கிறேன். உப்பில் ஊறிய எலுமிச்சையைத் தாம்பாளத்தில் பரப்பி அதையும் பக்கத்தில் வைத்தாயிற்று. இடத்துக்கு வாகாக இருக்கிறது.

ஜூன் 24, புதன்

ரஹ்மத் வழியில் பார்த்து நிறுத்தினாள். எலெக்‌ஷன் வேலை எல்லாம் முடிந்து இப்போது என் விண்ணப்பம் நகர ஆரம்பித்துவிட்டதாம்.

“வீட்டுக்கு ஆள் வருவாங்க பெரியம்மா. தனி அடுப்பு இருக்கா, தனியா பொங்குதியளான்னு பாப்பாங்க. சொல்லாமக் கொள்ளாமத்தான் வருவாங்க, ரெடியா இருங்க.”

சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

செண்பகத்திடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். பிறகு, “நல்லதுக்கா. கார்டு வந்துட்டா உங்களுக்குன்னு ஒரு அரிசி இருக்கும். யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்” என்றாள். நியாயமான பேச்சுதான். எனக்கு ஏன் கீரை கசந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 2, வியாழன்

இன்றைய கூத்தை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

மண்டியில் காய் இல்லையென்று சீக்கிரம் வந்துவிட்டேன். முன்கட்டில் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கருவாட்டுக் குழம்பு. கையை நக்குகிற நேரத்தில் வாசலில், “சண்முகவடிவு வீடு இதானம்மா?” என்று குரல். கையில் பையோடு ஒரு மனிதர், தாலுகா ஆபீஸ் இன்ஸ்பெக்டர். வெயிலில் வந்து சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நான் எச்சில் கையோடு எழுந்தேன். செண்பகம் என் தட்டைச் சட்டென்று இழுத்துத் தன் தட்டுக்கு அடியில் சொருகினாள். அந்த வேகத்தைப் பார்த்தால் மூட்டு வலியெல்லாம் எங்கே போயிற்றோ.

“அக்கா வீடு பின்னால இருக்கு சார். அக்கா இங்க கருவாடு கடன் கேக்க வந்தாவ.”

கையில் குழம்போடு கடன் கேட்கிறவளை அந்த மனிதர் எங்கே பார்த்திருப்பார்? என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அடுப்பக் காட்டுங்கம்மா” என்றார்.

எனக்கு முன்னால் செண்பகம் ஓடினாள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தாம்பாளத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஜாடியைத் தூக்க முடியவில்லை, கனம். அதை அணைத்துக்கொண்டே நின்றாள்.

“அடுப்பு மேல ஊறுகா ஜாடி இருக்கே?”

“சூட்டுல நல்லா ஊறும்னு அக்கா வைப்பாவ சார்.”

இன்ஸ்பெக்டர் ஜாடியைத் தானே இறக்கி வைத்து, திருகைத் திருப்பி, லைட்டரை அமுக்கினார். டிக், டிக் என்றதே தவிரப் பற்றவில்லை.

“இப்பத்தான் சார் தீர்ந்துச்சு. காலையில கூட எரிஞ்சுது” என்றாள் செண்பகம். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பும் பயமுமாக இருந்தது. எனக்கு ஒரு கார்டு வாங்கித் தரத்தான் அவள் இவ்வளவு பொய்யும் சொல்கிறாள். அது எனக்குத் தெரியாதா?

அவர் நல்ல மனிதர். சுவரில் இருந்த தாளிப்புக் கறையைப் பார்த்தார், அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தார். “சரிம்மா. சிலிண்டர் தீர்றது எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான். எங்க வீட்டுலயும் முந்தாநாள் தீர்ந்துச்சு” என்று சொல்லிப் பேனாவை எடுத்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. எழுதிக்கொண்டே வாய்க்கு வந்த மாதிரி ஒரு கேள்வி கேட்டார்.

“ரெண்டு வீட்டுக்கும் சாப்பாட்டுல போக்குவரத்து எதுவும் கிடையாதுல்ல?”

“கிடையவே கிடையாது சார்” என்றாள் செண்பகம். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்கு எதையும் நிறுத்தத் தெரியாது. “எங்களுக்குள்ள ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல. முகத்துல முழிக்கிறது கூட இல்ல. அவங்க ஒத்தக் கட்ட சார். அவங்க பொங்கினா அவங்களுக்கு, செத்தா கூடத் தெரியாது.”

ஒத்தக் கட்டை. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ.

“ஏட்டி, யாருக்குட்டி ஒட்டும் ஒறவும் இல்ல?” என்று கத்திவிட்டேன். “காய்ச்சல்ல கெடந்தப்பம் எங்கையால கஞ்சி குடிச்சது யாரு? ரெண்டு மாசமா ஒரே சட்டியில திங்கோம், செத்தா தெரியாதா? இப்பம் கூட உன் தட்டுக்கு அடியில என் தட்டு கெடக்கே!”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார்.

“அம்மா, நான் இத காதுல வாங்காத மாதிரி போயிடவா?” என்றார். மெதுவாகத்தான் கேட்டார். “தனித்தனியா சமைச்சாத்தான் தனிக் கார்டு. நான் வச்ச சட்டம் இல்ல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, அத எழுதிக்கிடுதேன்.”

செண்பகம் ஜாடிக்குப் பின்னால் நின்று கண்ணால் கெஞ்சுகிறாள். தனி அடுப்புத்தான் என்று சொன்னால் போதும். இத்தனை மாதம் நான் அலைந்தது அந்தக் கார்டுக்குத்தான். யாரிடமும் புழுங்கலா பச்சையா என்று கேட்க வேண்டியதில்லாத அரிசி. அது என் கைக்கு எட்டும் தூரத்தில், அவர் பேனா நுனியில் நிற்கிறது.

“ஒரே அடுப்புதான் சார்” என்றேன். “நீங்க எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டார். போகும்போது, “தண்ணி இருக்குமாம்மா?” என்று கேட்டார். செண்பகம்தான் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, “பழைய கார்டுலயே பேரச் சேர்க்க உடனே எழுதிப் போடுங்க, நாளக் கடத்தாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஆரம்பித்தாள் பாருங்கள்! “கொஞ்சம் வாயப் பொத்திக்கிட்டு நின்னா கார்டு வந்திருக்கும்! கை நிறைய அரிசி வந்திருக்கும்! ஒங்களுக்காக நான் சாமி மேல சத்தியம் தவிர எல்லாப் பொய்யும் சொல்லுதேன், ஒங்களுக்கு ஒத்தக் கட்டன்னா மட்டும் பொத்துக்கிட்டு வருதாக்கும்!”

“ஆமா, வரும்” என்றேன்.

“வரும்லா?” என்றாள். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். ஆறிப்போன குழம்பைச் சூடு பண்ணி, விட்ட இடத்திலிருந்து சாப்பிட்டோம்.

ஜூலை 3, வெள்ளி

போனில் வந்துவிட்டது. ‘நிராகரிக்கப்பட்டது.’ இந்த ஒன்றுக்கு மட்டும் தாமதம் இல்லை.

ஜூலை 6, திங்கள்

இருவருமாக ரஹ்மத்திடம் போனோம். அவள் எங்களைச் சேர்ந்தாற்போல் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இந்தத் தடவை செண்பகம் போனில் வந்த நம்பரை ஒரே மூச்சில் சரியாகச் சொன்னாள்.

“தலைவிக்கு என்ன உறவுன்னு போடட்டும்?” என்றாள் ரஹ்மத்.

“ஓரகத்தி” என்றேன்.

“அப்படி ஒண்ணு இதுல இல்லையே பெரியம்மா.”

“அக்கான்னு போடு” என்றாள் செண்பகம்.

“கூடப் பிறந்ததுக்குச் சான்று கேப்பாங்க சித்தி. மறுபடி தள்ளிட்டாங்கன்னா பெரியம்மா மறுபடி அலையணும்.”

செண்பகத்துக்கு மூக்கு சிவந்துவிட்டது. மெஷினோடு சண்டைக்குப் போய்விடுவாள் போலிருந்தது. நான்தான் அவள் கையைப் பிடித்து, “மற்றவர்னே போடும்மா” என்றேன். முன்பு அந்த வார்த்தையைப் பார்த்தபோது எரிந்தது. இன்று ஒன்றும் செய்யவில்லை.

ஆக மறுபடி ஒரு நீள நம்பர். மறுபடி ‘பரிசீலனையில் உள்ளது’. பேர் ஏற எப்படியும் மாதம் ஒன்றிரண்டு ஆகும் என்கிறாள் ரஹ்மத். அதுவரைக்கும் நான் எந்தக் கார்டிலும் இல்லை. இவர்கள் பங்கில்தான் எனக்கும் உலை. அது கஷ்டம்தான், அவர்களுக்கும் எனக்கும். ஆவுடையப்பன் போனில், “ஒரு லோடு கூட அடிச்சாப் போச்சு மதினி” என்கிறான்.

ஜூலை 7, செவ்வாய்

பின்கட்டைக் காலி பண்ணினோம். ஒற்றை அடுப்பு பரணுக்குப் போயிற்று. அந்த இடத்தில் அவர் கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டேன், இனி நான் அதில் படுத்துக்கொள்வேன்.

கடைசியாக அரிசி டப்பா இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய் முன்கட்டு டிரம்மில் கவிழ்த்தேன். செண்பகம் உலைக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். டப்பாவில் இருந்த அரிசியும் டிரம்மில் இருந்த அரிசியும் ஒன்றோடொன்று கலந்து, எது எதென்று தெரியாமல் போயிற்று. தெரிய என்ன இருக்கிறது? இரண்டும் ஒரே ரேஷன் அரிசி, அதே பருமன், அதே வாசனை. நான் வெளிக்கடையில் வாங்கிய சன்ன அரிசி மாசி மாசமே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் டப்பா ஒரு நாளும் காலியானதில்லை.

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

“எப்பம் தெரியும்?” என்றாள்.

“மொத நாளே.”

“பெறகு ஏன்க்கா ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டா வேண்டாம்னு சொல்ல வேண்டி வருமே” என்றேன்.

உலை கொதித்தது. டிரம்முக்குள் கையை விட்டு அரிசியை அள்ளிப் போட்டாள்.